மின்னைக் கழற்றினால்தான் அப்பமா?

கேள்வி எழுதியவள் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வீட்டில் பிறந்த பெண். பாறசாலை தாண்டி ஒரு பெந்தெகொஸ்தே குடும்பத்தில் கட்டிக்கொடுத்து மூன்று வருஷம் ஆகிறது. மின்னையும் (கிறிஸ்தவத் தாலி) கம்மலையும் கழற்றினால்தான் திருவிருந்து அப்பம் தருவோம் என்கிறது சபை. வீட்டுக்காரரின் சம்பளத்தில் பத்தில் ஒன்று தவறாமல் போகாவிட்டால் சாபம் என்கிறார் பாஸ்டர். பிள்ளை இல்லாததற்கும் இந்தக் கீழ்ப்படியாமைதான் காரணம் என்கிறார் மாமி. 'கிருபையினாலே இரட்சிக்கப்பட்டோம் என்று ஓய்வுநாள் பள்ளியில் படித்தது சும்மாவா? கிருபைதான் எல்லாம் என்றால் எப்படியும் வாழலாம் என்று ஆகிவிடாதா?' இதுதான் அவள் கேட்பது.

மக்களே, வயசில் நீ என் கடைசி மகளுக்கும் இளையவள், அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன். நானும் எல்லைக்காரிதான். பிறந்தது பாறசாலைப் பக்கம், வாழ்க்கைப்பட்டது குழித்துறைப் பக்கம். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் டீச்சர், அதற்கும் மேலான காலம் ஓய்வுநாள் பள்ளியில் வேதபாடம். இறையியல் கல்லூரியில் படித்தவள் இல்லை, படித்தவர்களைக் கேட்டுக் கேட்டு, அவர்கள் சொன்ன புத்தகங்களைத் தேடி வாசித்தவள்.

பெந்தெகொஸ்தேக்காரர்களைக் கூண்டில் ஏற்றிவிட்டு நம்ம சபையைக் காப்பாற்றலாம் என்றால் எனக்கு வாய் வரவில்லை. இருபது வருஷத்துக்கு முன்பு எங்கள் பக்கம் ஒரு சாவு. சபையின் பெயர் வேண்டாம், நம்முடைய வகைச் சபைதான். பெட்டி முற்றத்தில், மழைக்குக் கட்டின நீலத் தார்ப்பாய்க்குக் கீழே இருக்கிறது. திண்ணையில் பொருளாளர் நீளப் பதிவேட்டை மடியில் விரித்து, செத்துப்போன மனுஷன் ஆறு வருஷமாகக் கட்டாத சந்தாவையும் பண்டிகை வரியையும் விரல் வைத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறார். பாக்கி தீராமல் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட விடமாட்டார்கள். மூத்த பையன் ரப்பர் ஷீட் எடுக்கிற கடைக்காரரிடம் ஓடி, இனிமேல் அடிக்கப்போகிற ஷீட்டைச் சொல்லிப் பணம் வாங்கி வந்தான். ரசீது எழுதி, கார்பன் தாளை உருவி அடுத்த பக்கத்தில் வைத்து, கையெழுத்துப் போட்ட பிறகே கோயில் மணி அடித்தது. அதற்குப் பிறகு ஆராதனை ஒழுங்காக நடந்தது. கிருபையைப் பற்றி நல்ல பிரசங்கம்.

இந்த நோய் எல்லாச் சபையிலும் உண்டு. மருந்து தேட லூக்கா 15-க்குப் போகிறேன்.

அந்த அதிகாரத்தை, தன் பங்கை வாங்கித் தூரதேசத்தில் அழித்துவிட்டு வீடு திரும்பின இளைய மகனை வைத்து, 'கெட்ட குமாரன்' கதை என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அது யாருக்குச் சொல்லப்பட்ட கதை என்று முதல் இரண்டு வசனத்திலேயே இருக்கிறது. இவர் பாவிகளோடு சாப்பிடுகிறாரே என்று முறுமுறுத்த பரிசேயருக்கும் வேதபாரகருக்கும் இயேசு சொன்னது. அப்படியென்றால் கதையின் முள் குத்துவது மூத்த மகனைத்தான். அவன் வயலிலிருந்து வருகிறான், ஆட்டமும் பாட்டும் கேட்கிறது, வீட்டுக்குள் வரமாட்டேன் என்று நிற்கிறான். தகப்பன் வெளியே வந்து கெஞ்சுகிறார். அப்போது அவன் வாயிலிருந்து வருவது: "இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து, ஒருக்காலும் உம்முடைய கற்பனையை மீறாதிருந்தும்." கிரேக்கத்தில் அந்த இடத்தில் நிற்பது அடிமையாக உழைப்பதைச் சொல்லும் சொல். தமிழில் 'ஊழியம்' என்று போட்டார்கள்.

ஊழியம் என்றால் இன்றைக்கு நமக்குப் பாஸ்டர் செய்வது, பைபிள் பையோடு வீடு வீடாகப் போவது. நம் முன்னோருக்கு அந்தச் சொல் வேறு. தெற்குத் திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் கூலியில்லாத கட்டாய வேலை. கீழே வைக்கப்பட்ட சாதிகள் சர்க்கார் சுமையைத் தூக்க வேண்டும், வழி வெட்ட வேண்டும், கோவிலுக்கும் கொட்டாரத்துக்கும் (அரண்மனை) கேட்டதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மறுக்க முடியாது. இதற்கு மேல் தலைவரி வேறு. கர்னல் மன்றோ பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த காலத்தில் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்கு வந்தது. யோசித்துப் பார், ஏழு நாளில் ஒரு நாள் யாரும் வந்து 'எழும்பு, சுமை எடு' என்று கூப்பிட முடியாது. அந்த ஒரு நாள் அவர்களுக்குச் சட்டமாக வரவில்லை, வரமாக வந்தது.

அதே ஞாயிற்றுக்கிழமையை நாம் என்ன செய்தோம்? ஞாயிறு காலையில் ரப்பர் மரம் வெட்டி நாலு சிரட்டை பால் எடுத்தவனைக் கமிட்டியில் நிறுத்திக் கேட்கிறோம். அவன் பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் கிடப்பதை யாரும் கேட்பதில்லை. "ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது" என்று இயேசு சொன்னது மாற்கு 2-இல் இருக்கிறது. உபாகமம் 5 ஓய்வுநாளுக்குச் சொல்லும் காரணமோ நம் ஊர்க் காரணமேதான்: நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய், அதை நினை, உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும்.

ஆக, பிரமாணத்தின் கீழ் வாழ்வது என்றால் நிறையக் கட்டளை வைத்திருப்பது இல்லை. மூத்த மகன் வைத்திருந்த கட்டளைகள் நல்ல கட்டளைகளாகவே இருந்திருக்கும். வீடு அவனுடையது, நிலம் அவனுடையது, "எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது" என்று தகப்பனே சொல்கிறார். அப்படியிருந்தும் அவன் அந்த வீட்டில் ஊழியக்காரனாக, திருவிதாங்கூர் அர்த்தத்தில் ஊழியக்காரனாக, வருஷக்கணக்கில் கிடந்திருக்கிறான். ஒரு ஆட்டுக்குட்டிக்குக்கூடக் கேட்க வாய் வராமல் கணக்கு வைத்திருந்திருக்கிறான். தம்பி வந்த அன்று அந்தக் கணக்கு வெளியே வந்தது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. 'யூதர்கள் சட்டத்தால் மோட்சம் வாங்கப் பார்த்தார்கள், நாம் கிருபைக்காரர்' என்று பிரசங்கத்தில் கேட்டிருப்பாய். அது அந்த ஜனத்துக்குச் செய்கிற அநியாயம். 1977-இல் ஈ.பி. சாண்டர்ஸ் என்ற ஆய்வாளர் யூதர்களின் பழைய நூல்களையே எடுத்துவைத்து, அவர்களுக்கும் தேவனுடைய தெரிந்துகொள்ளுதல்தான் முதல், கட்டளை அந்த உறவுக்குள் இருந்துகொள்ள என்று விரிவாகக் காட்டினார். அதற்கு சாண்டர்ஸ்கூட வேண்டாம், யாத்திராகமம் 20 போதும். பத்துக் கட்டளையை நாம் 'என்னையன்றி வேறே தேவர்கள்' என்று தொடங்கி மனப்பாடம் பண்ணவைக்கிறோம். அதற்கு முந்தின வசனம் என்ன? "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்து தேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே." விடுவித்தாயிற்று, கடலைத் தாண்டியாயிற்று, அதற்குப் பிறகுதான் கட்டளை. இந்த வரிசை தலைகீழானால் மட்டும்தான் விஷம்.

பவுல் கலாத்தியருக்கு அவ்வளவு சூடாக எழுதினதும் இந்த வரிசைக்காகத்தான். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவர்களோடு, உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடத்திலிருந்து சிலர் வந்ததும் பந்தியிலிருந்து மெல்ல விலகிக்கொண்டார். பவுல் எல்லார் முன்பாகவும் அவரைக் கண்டித்தார் (கலாத்தியர் 2). விஷயம் சாப்பாடு. யார் கூட யார் உட்காரலாம், என்ன செய்துவிட்டு வந்தால் உட்காரலாம். நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை, நாம் பந்தியில் வளர்ந்தவர்கள். எந்த வீட்டுத் தண்ணீர் ஆகும், எந்த வீட்டுத் தண்ணீர் ஆகாது என்று ஞானஸ்நானத்துக்குப் பிறகும் தெரிந்துவைத்திருந்தவர்கள். ஏறக்குறைய கி.பி. 49-இல் எருசலேமில் அப்போஸ்தலர்கள் கூடினபோது அதே பேதுரு எழுந்து, "நம்முடைய பிதாக்களாலும் நம்மாலும் சுமக்கக்கூடாதிருந்த நுகத்தடியைச் சீஷர் கழுத்தின்மேல்" ஏன் வைக்கிறீர்கள் என்று கேட்டார் (அப்போஸ்தலர் 15). அந்தியோகியாவில் நடந்தது இதற்கு முந்தி என்றால், கண்டிக்கப்பட்டவர் திருந்தினார் என்பதை நாம் போதுமான அளவு சொல்வதில்லை.

இன்னொன்று. நம் சபைகளில் ஒருவன் குடித்துவிட்டு விழுந்தால் 'கிருபையிலிருந்து விழுந்துட்டான்' என்பார்கள். பவுல் அந்த வார்த்தையைக் குடிகாரனுக்குச் சொல்லவே இல்லை. கலாத்தியர் 5:4-ஐ எடுத்துப் பார். நியாயப்பிரமாணத்தினாலே நீதிமான்களாக விரும்புகிறவர்களைப் பார்த்துத்தான், "கிருபையினின்று விழுந்தீர்கள்" என்கிறார். விழுந்தது ஒழுங்காக இருக்கிறவர்கள். இதை முதன்முதலில் கவனித்து வாசித்த ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

கத்தோலிக்கர் கிரியையால், நாம் கிருபையால் என்ற பழைய சண்டையும் உன் வீட்டில் வரலாம். 1999 அக்டோபர் 31-இல் ஆக்ஸ்பர்க் நகரத்தில் லுத்தரன் சபைகளும் ரோமச் சபையும், நீதிமானாக்கப்படுதல் கிருபையினாலே என்று ஒரே பத்திரத்தில் கையெழுத்திட்டுவிட்டார்கள். 1517-இல் தொடங்கின சண்டை. முழுசாகத் தீர்ந்தது என்று சொல்லமாட்டேன், ஆனாலும் கோட்டாற்றுக் கத்தோலிக்கரைப் பார்த்து நாம் அந்தக் கல்லை எறிய வேண்டாம்.

இனி உன் மின்னு.

உன் சபையில் காட்டுகிற வசனம் 1 பேதுரு 3:3 ஆகத்தான் இருக்கும். மயிரைப் பின்னி, பொன்னாபரணங்களை அணிந்து, உயர்ந்த வஸ்திரங்களை உடுத்திக்கொள்ளும் புறம்பான அலங்கரிப்பு உங்களுக்கு அலங்காரமாயிராமல், என்று வருகிறது. மூன்று காரியம் ஒரே மூச்சில் சொல்லப்பட்டிருக்கிறது: பின்னல், பொன், உடுப்பு. அதில் 'உயர்ந்த' என்ற சொல் கிரேக்கத்தில் இல்லை. வெறுமே 'வஸ்திரங்களை உடுத்துதல்' என்றுதான் இருக்கிறது. இதை விலக்குச் சட்டமாக வாசித்தால் பொன்னைக் கழற்றுவதோடு நிற்க முடியாது, உடுப்பையும் கழற்ற வேண்டிவரும்! அப்படி யாரும் வாசிப்பதில்லை. உன் அலங்காரம் எதில் இருக்கிறது என்பதுதான் பேச்சு. 1 தீமோத்தேயு 2-இல் விலையேறப்பெற்ற வஸ்திரமும் முத்தும் சேர்ந்து வருகிறது, சரி. அங்கேயும் பொன்னை மட்டும் பிடித்துக்கொண்டு பட்டை விட்டுவிடுவானேன்? மோதிரம் இல்லாத கையில் கட்டியிருக்கிற கைக்கடிகாரத்தின் விலையை நான் சொல்ல வேண்டாம்.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். பவுன் கணக்கில் பெண்ணை நிறுக்கிற நாடு இது. எத்தனை பவுன் போட்டார்கள் என்று பந்தியில் உட்கார்ந்து விரல் மடக்குகிற நாடு. அப்படிப்பட்ட இடத்தில் 'எங்களுக்குப் பொன் வேண்டாம்' என்று ஒரு கூட்டம் எழுந்தபோது, காதில் வேப்பங்குச்சி வைத்திருந்த ஏழைப் பெண் தலை குனியாமல் ஆராதனைக்குப் போக முடிந்தது. அது அன்பிலிருந்து வந்த காரியம். அதை நான் பரிகசிக்கமாட்டேன். இப்போது நகை இல்லை, பதிலுக்கு ரொக்கமும் ரப்பர் தோட்டமும் காரும் வாங்கிக்கொள்கிறார்கள் என்றால், சட்டம் நின்றுவிட்டது, அன்பு போய்விட்டது. சட்டங்களுக்கு எப்போதும் நேர்வது இதுதான்.

என் பாட்டியின் காது தோளைத் தொடும். பாம்படம் போட்டு வளர்த்த காது. கட்டிக்கொடுத்த பிறகு விசுவாசத்துக்கு வந்தவள், ஒரு நாள் இரண்டு பாம்படத்தையும் கழற்றி, சபைப் பள்ளிக்கூடத்துக்கு ஓடு போடக் கொடுத்துவிட்டாள். சின்ன வயசில் அந்த வெறுங்காதின் வளையத்தில் நான் கையை விட்டு ஆட்டி விளையாடுவேன். வாழைநார் போல வழுவழுவென்று இருக்கும். ஏன் பாட்டி கழற்றினே என்று கேட்டால், "கனமாட்டு இருந்துது மக்களே, அதான்" என்பாள். அவ்வளவுதான் அவள் சாட்சி. என் அம்மைக்குக் கல்யாணத்தில் அவளே சங்கிலி போட்டு அனுப்பினாள்.

பாட்டிக்கும் முந்தின தலைமுறைகளை நினைத்தால் இன்னும் கூச்சமாக இருக்கிறது. கீழே வைக்கப்பட்ட சாதிப் பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது என்று சட்டம் இருந்த நாடு இது. குப்பாயம் (மேல்சட்டை) போட்ட பெண்களைச் சந்தையில் பிடித்துக் கிழித்தார்கள். பல வருஷக் கலகத்துக்குப் பிறகு 1859 ஜூலை 26-இல் உத்திரம் திருநாள் மகாராஜாவின் அறிக்கை வந்தது. அதிலும், மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்று ஒரு கொக்கி வைத்தே அனுமதி கொடுத்தார்கள். பெண்ணின் உடம்பில் எது இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்று எழுதின சட்டத்துக்கு எதிரே நின்றவர்களின் பேத்திகள் நாம். நமக்கு வேதவசனம் காட்டி அதே மாதிரி ஒரு பட்டியலை ஒரு சபை நீட்டும்போது, அதைக் கையில் வாங்குவதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

அப்போது கழற்றலாமா, கூடாதா? இதற்குப் பவுலிடமே பதில் இருக்கிறது, அது ஒரே பதில் இல்லை. தீமோத்தேயுவுக்கு அவரே விருத்தசேதனம் பண்ணுவித்தார் (அப்போஸ்தலர் 16:3). தீத்துவுக்கோ, கட்டாயப்படுத்தினபோதும் விட்டுக்கொடுக்கவில்லை (கலாத்தியர் 2:3). ஒரே சடங்கு, ஒரே ஆள், இரண்டு முடிவு. தீமோத்தேயு விஷயத்தில், அந்த ஊர் யூதர்களிடம் தடையில்லாமல் போக வேண்டும் என்ற கரிசனை. தீத்து விஷயத்தில், இதைச் செய்யாவிட்டால் நீ உள்ளே இல்லை என்ற நிபந்தனை. நிபந்தனை வந்த நிமிஷத்தில் பவுல் காலை ஊன்றிக்கொண்டார். உன் மாமி தனியாக உன் கையைப் பிடித்து, 'மோளே, இது கண்டால் எனக்கு மனசு வருத்தமாயிருக்கும்' என்று சொன்னால், அவர்களுக்காக ஒரு நாள் கழற்றி வைப்பதில் உனக்கு ஒரு குறைவும் இல்லை. 'கழற்றினால்தான் அப்பம்' என்று வந்தால் நீ தீத்து. அந்த அப்பத்தை நிபந்தனையில்லாமல் கொடுத்தவர், காட்டிக்கொடுக்கப் போகிறவனும் உட்கார்ந்திருந்த பந்தியில் கொடுத்தார்.

தசமபாகத்துக்கு வருகிறேன். மல்கியா 3 வாசித்து, கொடுக்காதவன் சபிக்கப்பட்டவன் என்கிறார்கள். அதே பழைய ஏற்பாட்டில் உபாகமம் 14-ஐ ஏன் வாசிப்பதில்லை? அங்கே தசமபாகத்தைக் கொண்டுபோய்க் குடும்பத்தோடு தேவ சந்நிதியில் சாப்பிட்டுச் சந்தோஷப்படு என்றிருக்கிறது. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியடைய ஊருக்குள்ளேயே வைத்துவிடு என்றிருக்கிறது. சாபத்தைப் பற்றியென்றால் கலாத்தியர் 3:13 போதும்: கிறிஸ்து நமக்காகச் சாபமாகி நம்மை மீட்டுக்கொண்டார். மீட்கப்பட்ட சாபத்தை மாதச் சம்பளத்துக்கு ஒரு தடவை மறுபடி காட்டிப் பயமுறுத்துவது எந்த நியாயம்?

கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டு அடுக்களையில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் மூடி உடைந்த ஒரு சின்ன மண்கலயம் இருக்கும். அம்மை உலையில் அரிசி போடுவதற்கு முன்பு ஒரு பிடி அள்ளி அதில் போடுவாள். பிடியரிசி. ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும், அங்கிருந்து இல்லாத வீட்டுக்குப் போகும். கஞ்சிக்கே வழியில்லாத நாளில் பிடி சின்னதாகும், எந்த ரசீதும் இல்லை. "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல" என்று 2 கொரிந்தியர் 9-இல் வருகிறதே, அந்த வசனத்தின் முகம் எனக்கு அந்தக் கலயம்தான். உன் வீட்டுக்காரருக்குச் சிட்டிக் கடன் இருக்கிறது, உன் அப்பாவின் மருந்துச் செலவு உன் தலையில் என்று எழுதியிருக்கிறாய். மாற்கு 7-ஐ அவரோடு சேர்ந்து வாசி. தாய் தகப்பனுக்குச் சேர வேண்டியதைக் 'கொர்பான்', காணிக்கை, என்று சொல்லிக் கோயிலுக்குத் திருப்பினவர்களை இயேசு எப்படிப் பேசினார் என்று அதில் இருக்கிறது. மருந்து முதலில், கடன் அடுத்தது, பிறகு மனசில் நியமித்தபடி காணிக்கை. பாஸ்டர் கேட்டால் நான் சொன்னேன் என்று சொல்.

பிள்ளை விஷயம். இதை எழுத எனக்குக் கை நடுங்குகிறது, ஏனென்றால் இதைச் சொல்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய கொடுமை என்று தெரிவதில்லை. பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் கேட்டது இதே கேள்விதான், யார் செய்த பாவம்? "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்று இயேசு வெட்டிவிட்டார் (யோவான் 9). யோபுவின் சிநேகிதர்களும் உன் மாமி பேசுவதையே அதிகாரம் அதிகாரமாகப் பேசினார்கள். கடைசியில் கர்த்தருக்குக் கோபம் மூண்டது யோபுமேல் அல்ல, அவர்கள்மேல். இந்தக் கதைக்கு நம் ஊரில் ஒரு கிளை உண்டு. நட்டாலத்து நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் பத்மநாபபுரம் அரண்மனை உத்தியோகஸ்தர். வீட்டில் அடுக்கடுக்காக நஷ்டம், எந்தத் தெய்வம் கோபித்ததோ என்று நொந்துபோயிருந்தார். 1741 குளச்சல் சண்டையில் பிடிபட்டு ராஜாவுக்கே தளபதியான டச்சுக்காரர் டிலனாய் அவருக்குச் சொன்னது யோபுவின் கதை என்றுதான் வழிவழியாகச் சொல்கிறார்கள். நஷ்டம் என்றால் தண்டனை என்ற பயத்திலிருந்து வெளியே வந்தவர், 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயமானார். 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022-இல் ரோமாபுரியில் புனிதர் என்று அறிவித்தார்கள். உன் மாமிக்கு அவர் கத்தோலிக்கர் என்பது மட்டும் ஞாபகம் வரும், பரவாயில்லை. நீயும் உன் வீட்டுக்காரரும் இரண்டு பேருமாக நல்ல டாக்டரைப் பாருங்கள். உன்னை மட்டும் அனுப்பினால் போகாதே.

பயத்தைப் பற்றி நானே ஒரு குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். ஓய்வுநாள் பள்ளித் தேர்வுக்கு மனப்பாட வசனம் கேட்டுக்கொண்டிருந்தேன். வசனம் தப்பினால் உள்ளங்கையில் ஸ்கேலால் ஒன்று, அப்போதெல்லாம் அதுதான் வழக்கம். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருத்தன் என் முன்னால் வந்து நின்றான். கால்சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என் ஸ்கேலையே பார்த்துக்கொண்டு, "அன்பிலே... அன்பிலே பயமில்லை, பூரண அன்பு பயத்தைப் புறம்பே..." என்று திக்கினான். 'தள்ளும்' வரவில்லை. அவன் உதடு ஆடிக்கொண்டிருந்தது. நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறாய்? அடித்தேன். வீட்டுக்கு நடந்து வரும்போது, வாய்க்கால் பாலத்துக்கு வந்த பிறகுதான் அவன் என்ன வசனம் சொன்னான் என்பதே எனக்கு உறைத்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்கேல் கொண்டுபோகவில்லை. மனப்பாடம் கொஞ்சம் குறைந்தது, உண்மைதான்.

கிருபை என்றால் எப்படியும் வாழலாமா என்று கேட்டாய். பவுலிடம் அன்றைக்கே இதைக் கேட்டிருக்கிறார்கள், ரோமர் 6-இல் பதில் இருக்கிறது. ஜெர்மனிக்காரப் போதகர் போன்ஹோஃபர் இதற்கு ஒரு பெயர் வைத்தார்: மலிவான கிருபை. மனந்திரும்புதல் கேட்காத மன்னிப்பு, சிலுவை இல்லாத கிருபை. ஹிட்லருக்கு எதிராக நின்று 1945 ஏப்ரலில் தூக்கில் தொங்கினவர் என்பதால் அவர் சொன்னதற்கு எடை உண்டு. ஆனால் எனக்கு வீட்டு அனுபவம் போதும். சொந்த வீட்டில் இருக்கிற மகள் பாத்திரம் கழுவமாட்டாளா? கழுவுவாள், சில நாள் முணுமுணுத்துக்கொண்டும் கழுவுவாள். கழுவாத நாளில் அவளுக்குச் சோறு இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். எபேசியர் 2-இல் எட்டாம் வசனத்தையும் பத்தாம் வசனத்தையும் சேர்த்து வாசி: கிருபையினாலே இரட்சிப்பு, நற்கிரியைகளைச் செய்கிறதற்கு சிருஷ்டிப்பு. நற்கிரியை இல்லாமல் இல்லை, வாசற்படியில் வாங்குகிற டிக்கெட்டாக இல்லை. எப்படியும் வாழலாம் என்று நினைக்கிற இளையவனும், இவ்வளவு செய்தேனே என்று கணக்குப் பார்க்கிற மூத்தவனும், இரண்டு பேருமே தகப்பனை விட்டுத் தூரத்தில்தான் இருந்தார்கள். ஒருத்தன் தூரதேசத்தில், இன்னொருத்தன் வயலில்.

மாமியோடு சண்டை போடாதே. வசனத்துக்கு வசனம் எறியாதே, நான் மேலே எழுதினதையும் அச்செடுத்துக்கொண்டு போய் நீட்டாதே. அவர்களும் யாரோ ஒருவருடைய ஸ்கேலைப் பார்த்துக்கொண்டு வசனம் சொல்லப் படித்தவர்களாக இருக்கும். சாயங்காலம் ஜெபத்துக்கு உட்காரும்போது, 'மாமி, எனக்கு மலையாளம் வாசிக்கத் தடுமாற்றம், லூக்கோஸ் பதினஞ்சு நீங்கள் வாசியுங்கள்' என்று அவர்கள் வேதபுஸ்தகத்தையே எடுத்துக் கொடு. தகப்பன் ஓடிவந்து மகனைக் கட்டிக்கொள்கிறார். அவன் இன்னும் குளிக்கக்கூட இல்லை, மன்னிப்புக் கேட்டுக்கூட முடிக்கவில்லை. அடுத்து இருபத்திரண்டாம் வசனம் வரும். தமிழில் "இவன் கைக்கு மோதிரத்தையும்" என்றிருப்பது மலையாளத்திலும் 'கைக்கு மோதிரவும்' என்றே இருக்கும். மாமி அதை வாய்விட்டு வாசிக்கட்டும். நீ ஒன்றும் சொல்லாதே.